பேச்சு, நூல், திரை: இலண்டன் நியூ பீக்கன் புத்தகக் கடை வட்டத்தின் திறனாய்வு மரபு

ஆய்வுச்சுருக்கம்

இலண்டனில் 1966ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற நியூ பீக்கன் புக்ஸ், கரீபிய, ஆப்பிரிக்க, ஆசிய மக்களின் நூல்களைப் பதிப்பித்து விற்ற ஒரு சமூகப் புத்தகக் கடை. அதனைச் சூழ்ந்து இயங்கிய வட்டம் நூல் வெளியீடு, கூட்டப் பேச்சு, திரையிடல் ஆகிய மூன்றையும் ஒரே பணியின் மூன்று உறுப்புகளாகக் கையாண்டது. பெர்னார்டு கோர்டின் சிறுநூல் (1971), பிரான்கோ ரொசோவின் ‘தி மாங்குரோவ் நைன்’ ஆவணப்படம் (1973), ஸ்டீவ் மக்குயீனின் ‘ஸ்மால் ஆக்ஸ்’ தொடரில் அமைந்த ‘மாங்குரோவ்’, ‘எஜுகேஷன்’ ஆகிய படங்கள் (2020), ‘ஹேண்ட்ஸ்வொர்த் சாங்ஸ்’ (1986) பற்றிய விவாதம் ஆகியவற்றைத் தரவுகளாகக் கொண்டு, இவ்வட்டம் உருவாக்கிய திறனாய்வு மரபின் இயல்பையும் வலிமையையும் குறைகளையும் இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: சமூகப் புத்தகக் கடை, நியூ பீக்கன், ஜான் லா ரோஸ், திரையிடல், மாங்குரோவ் வழக்கு, அ. சிவானந்தன், மாற்றுப் பொதுவெளி.

முன்னுரை

புத்தகக் கடை என்பது நூல் விற்கும் இடம் என்ற அளவிலேயே பதிப்பு வரலாற்றில் இடம்பெறுகிறது. எந்த நூல், எத்தனை படிகள், என்ன விலை என்ற வினாக்களுக்கு விடை கண்டதும் ஆய்வாளர் கடையைக் கடந்து சென்றுவிடுவார். மாலையில் அக்கடையில் நாற்காலிகள் இடப்பட்டுப் படம் ஒன்று காட்டப்பட்டதும், அதன்பின் நடந்த வாக்குவாதமும், வாதம் முடிந்தபின் வந்தவர் கையோடு எடுத்துச் சென்ற நூலும் பதிப்பு வரலாற்றின் கணக்கில் வருவதில்லை. திரைப்பட ஆய்வும் அவ்வாறே. படத்தின் காட்சியமைப்பை நுணுகி நோக்கும் ஆய்வு, அப்படம் எவ்விடத்தில், எவர் நடுவே, எந்நூலை அருகில் வைத்துக்கொண்டு பார்க்கப்பட்டது என்று கேட்பது அரிது.

யூர்கன் ஹேபர்மாஸ் 1962இல் வெளியிட்ட தம் நூலில் பதினெட்டாம் நூற்றாண்டின் காப்பிக் கடைகளையும் இதழ்களையும் பொதுவெளியின் பிறப்பிடங்களாகக் கண்டார். அப்பொதுவெளியிலிருந்து விலக்கப்பட்டோர் தமக்கெனத் தனி வெளிகளை அமைத்துக்கொண்டதை நான்சி ஃபிரேசர் 1990இல் சுட்டிக்காட்டினார். அத்தகைய மாற்றுப் பொதுவெளிகளுக்கு இரு பணிகள் உண்டு என்பது அவர் கருத்து: ஒன்று, ஒதுங்கி நின்று தம்மை மீளத் திரட்டிக்கொள்ளுதல், மற்றொன்று, பரந்த பொதுவெளியை நோக்கிச் செல்வதற்கான பயிற்சி பெறுதல். இவ்விரு பணிகளுக்கும் இடையிலான இழுபறியே சமூகப் புத்தகக் கடையின் வாழ்வு என்பதும், அங்கு உருவாகும் திறனாய்வின் தரத்தை அவ்விழுபறியே தீர்மானிக்கிறது என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள்.

கடைக்கு முன் ஒரு மேசை

நியூ பீக்கனை நிறுவியவர்கள் ஜான் லா ரோஸும் (1927–2006) சாரா ஒயிட்டும் ஆவர். டிரினிடாட்டின் அரீமாவில் பிறந்த லா ரோஸ், தொழிற்சங்கப் பணியில் ஈடுபட்டிருந்து, 1961இல் பிரித்தானியா வந்தவர். 1930களின் தொடக்கத்தில் டிரினிடாட்டில் வெளிவந்த ‘பீக்கன்’ இதழின் நினைவாகவே தம் பதிப்பகத்துக்கு அவர் பெயரிட்டார். முதல் வெளியீடு அவருடைய கவிதைத் தொகுதியான ‘ஃபவுண்டேஷன்ஸ்’ (1966).

தொடக்கத்தில் கடை என்று ஒன்று இல்லை. லா ரோஸ், கவிஞர் காமாவ் பிராத்வைட், எழுத்தாளர் ஆண்ட்ரூ சால்கி ஆகியோர் 1966இன் இறுதியில் தொடங்கிய கரீபியக் கலைஞர் இயக்கத்தின் கூட்டங்கள் இலண்டன் மேற்கிந்திய மாணவர் மையத்தில் நடைபெற்றன. அக்கூட்டங்களில் ஒரு மேசைமீது நூல்கள் விற்பனைக்கு வைக்கப்பட்டன. பேச்சைக் கேட்டவர் பேச்சுக்குரிய நூலை அங்கேயே வாங்கினார். வீட்டறைகளில் வளர்ந்த அம்மேசையே 1973இல் ஃபின்ஸ்பரி பார்க்கின் ஸ்ட்ரவுட் கிரீன் சாலையில் கடையாயிற்று. கூட்டம் முந்தியது, கடை பிந்தியது என்னும் இவ்வரிசை முதன்மையானது. வணிகக் கடை நூலை விற்பதற்காக நிகழ்வை நடத்துகிறது. இங்கு நிகழ்வின் தேவையிலிருந்து கடை பிறந்தது.

அதே மாணவர் மையத்தில்தான் அமெரிக்க எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் 1960களின் இறுதியில் ஆற்றிய உரையை ஹொராஸ் ஓவே ஆவணப்படமாக்கினார். பால்ட்வின் பேசுகிறார், அவையோர் வினவுகிறார்கள், அவரும் உடனிருந்த டிக் கிரெகரியும் விடை சொல்கிறார்கள். ஏறத்தாழ அவ்வளவே படம். திரைமொழி எளியது என்று கருதி இதனைக் கடந்துசெல்ல இயலாது. கேட்போரின் முகங்களுக்கும் வினாக்களுக்கும் பேச்சாளருக்கு நிகரான இடம் தரும் இப்படம், படம் முடிந்தபின் அவையில் நிகழவேண்டிய விவாதத்தைத் தன் வடிவத்துக்குள்ளேயே கொண்டுள்ளது. பிற்காலத்தில் பிரித்தானியாவின் முதல் கறுப்பின முழுநீளக் கதைப்படமெனக் கொள்ளப்படும் ‘பிரஷர்’ படத்தைச் சாமுவேல் செல்வனோடு சேர்ந்து எழுதி இயக்கிய ஓவே, லா ரோஸின் வாழ்வைப் பற்றி ‘டிரீம் டு சேஞ்ச் த வேர்ல்டு’ (2003) என்ற ஆவணப்படத்தையும் எடுத்தார். நூலோரும் திரையோரும் ஒரே அவையில் அமர்ந்திருந்தனர் என்பதற்கு இத்தொடர்ச்சி சான்று.

‘புதிய நூல்’ என்பதன் பொருள்

நியூ பீக்கனின் புதிய வெளியீடுகளுள் ஒன்று 1869இல் முதலில் அச்சான இலக்கண நூல். மற்றொன்று 1889இல் வெளிவந்த மறுப்பு நூல். இரண்டின் ஆசிரியரும் டிரினிடாட்டின் கறுப்பினப் பள்ளியாசிரியர் ஜே. ஜே. தாமஸ். முன்னது கிரியோல் மொழிக்கு அவர் எழுதிய இலக்கணம். பின்னதாகிய ‘ஃபிரவுடாசிட்டி’, மேற்கிந்திய மக்கள் தம்மைத் தாமே ஆளத் தகுதியற்றவர்கள் என்று வாதிட்ட ஆங்கில வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் ஆண்டனி ஃபிரவுடுக்கு அவர் அளித்த விடை. இரண்டையும் நியூ பீக்கன் 1969இல் மறுபதிப்புச் செய்தது.

இம்மறுபதிப்புகளின் பின்னணியில் லா ரோஸின் தெளிவான கோட்பாடு ஒன்று உண்டு. குடியேற்ற ஆட்சி ஒரு தலைமுறையின் சாதனை அடுத்த தலைமுறைக்குச் சென்றுசேராதவாறு தொடர்ச்சியை அறுக்கிறது. எனவே ஒவ்வொரு தலைமுறையும் வெறுங்கையோடு தொடங்க நேர்கிறது. இவ்வறுபடலைச் சீர்செய்வதே பதிப்பின் கடமை என்பது அவர் நிலைப்பாடு. இதன்படி நூலின் புதுமையை அச்சான ஆண்டு தீர்மானிப்பதில்லை. தேவைப்படும் வாசகரின் கைக்கு முதன்முறையாக வந்து சேரும் நூலே புதிய நூல். எண்பது ஆண்டு பழமையான ஒரு மறுப்பு 1969இல் புதிதாயிற்று என்றால், மறுக்கப்பட்ட கருத்து அதுவரை உயிரோடிருந்தது என்பதே பொருள்.

திரையிடலுக்கும் இவ்வரையறை பொருந்தும். திரையரங்கில் ஒரு படம் வெளியான வாரத்திலேயே பழையதாகத் தொடங்குகிறது. சமூகக் கடையின் திரையில் அதன் வயது வேறு கணக்கில் ஓடுகிறது. 1981 சனவரி 18 அன்று இலண்டன் நியூ கிராசில் ஒரு வீட்டு விருந்தில் மூண்ட தீயில் பதின்மூன்று கறுப்பின இளையோர் மாண்டனர். அதனையொட்டி மார்ச் 2 அன்று நடந்த பெரும் பேரணியை மெனலிக் ஷபாஸ் ‘பிளட் ஆ கோ ரன்’ (1982) என்ற குறும்படமாக்கினார். அந்நடவடிக்கைக் குழுவின் தலைவர் லா ரோஸ். அவருடனான நேர்காணல்கள் நூலாக அமைந்து, முப்பதாம் ஆண்டு நினைவையொட்டி 2011இல் மீண்டும் வெளிவந்தன. தீக்கான காரணம் இரு புலனாய்வு விசாரணைகளிலும் உறுதியாகத் தீர்மானிக்கப்படாத நிலையில், அப்படமும் நூலும் பழையவையாக மறுக்கின்றன.

ஆவதும் ஆக்கப்படுவதும்: கோர்டின் சிறுநூல்

இவ்வட்டத்தின் வெளியீடுகளுள் நடைமுறை விளைவு மிகுந்தது பெர்னார்டு கோர்டு எழுதி 1971இல் நியூ பீக்கன் வெளியிட்ட சிறுநூல். பிரித்தானியப் பள்ளி அமைப்பில் மேற்கிந்தியக் குழந்தை எவ்வாறு கல்வியில் குறைநிலை எய்துமாறு ஆக்கப்படுகிறது என்பது அதன் நீண்ட தலைப்பின் கருத்து. 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் கீழ் ‘கல்வியில் குறைநிலையினர்’ என்று வகைப்படுத்தப்பட்ட மாணவர்களுக்குத் தனிப்பள்ளிகள் இருந்தன. இலண்டனின் கல்வி ஆணையம் 1967இல் திரட்டிய தரவின்படி, பொதுப்பள்ளிகளில் குடியேறிய குடும்பங்களின் குழந்தைகள் ஏறக்குறைய 15 விழுக்காடு. தனிப்பள்ளிகளிலோ ஏறக்குறைய 28 விழுக்காடு. அவர்களுள் பெரும்பான்மையோர் கரீபியக் குழந்தைகள்.

கோர்டு அத்தகைய பள்ளிகளில் ஆசிரியராகப் பணியாற்றியவர். கறுப்பினக் கல்வியாளர்களும் சமூகப் பணியாளர்களும் கூடிய மாநாட்டில் அவர் படித்த கட்டுரையே நூலாக விரிந்தது. இங்கும் பேச்சே நூலுக்கு மூலம். தலைப்பில் உள்ள வினைச்சொல் திறனாய்வாளரின் கவனத்துக்குரியது. குழந்தை குறைநிலையினர் ஆகிறது என்று சொல்லியிருந்தால் அது தன்வினை. குறை குழந்தையிடம் தங்கிவிடும். ஆக்கப்படுகிறது என்னும்போது ஆக்கியவர் யார் என்ற வினா உடனெழுகிறது. ஆங்கிலத் தலைப்பு சுமக்கும் அரசியல் முழுவதையும் தமிழில் ‘ஆகு’, ‘ஆக்கு’ என்னும் இரு வினையடிகளின் வேறுபாடே காட்டிவிடும்.

நூல் யாரை நோக்கிப் பேசுகிறது என்பதும் நோக்கத்தக்கது. அதிகாரிகளுக்கு விண்ணப்பமாக அது எழுதப்படவில்லை. முதன்மை வாசகர் கறுப்பினப் பெற்றோர். நுண்ணறிவுத் தேர்வுகளின் மொழிச்சார்பு, வகுப்புச்சார்பு, ஆசிரியரின் குறைந்த எதிர்பார்ப்பு குழந்தையின் தன்மதிப்பைச் சிதைக்கும் முறை ஆகியவற்றை விளக்கியபின், பெற்றோர் உடனே செய்யவேண்டியவற்றை வரிசையாகச் சொல்லி நூல் முடிகிறது. துணைப்பள்ளிகளைத் தொடங்குவது அவற்றுள் ஒன்று. லா ரோஸின் வீட்டில் 1969இலேயே ஜார்ஜ் பேட்மோர் பெயரில் துணைப்பள்ளி தொடங்கியிருந்தது. எனவே நூல் பரிந்துரைத்தது ஏற்கெனவே ஒரு வீட்டில் நிகழ்ந்துகொண்டிருந்த ஒன்றை. ‘குறைநிலையினர்’ என்ற சட்டவகை 1981ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தால் நீங்கியது.

ஐம்பது ஆண்டு கழிந்து ஸ்டீவ் மக்குயீனின் ‘எஜுகேஷன்’ இச்சிறுநூலைத் திரைக்குக் கொண்டுவந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்க இடர்ப்படும் பன்னிரண்டு வயதுச் சிறுவன் கிங்ஸ்லி தனிப்பள்ளிக்கு அனுப்பப்படுகிறான். அங்கு ஆசிரியர் கிட்டார் மீட்டிப் பாடும் காட்சியை மக்குயீன் வெட்டாமல் நீட்டுகிறார். எதுவும் கற்பிக்கப்படாத ஒரு வகுப்பு நேரத்தின் வெறுமையைப் பார்வையாளர் தம் பொறுமையின் அளவில் உணரச் செய்யும் இக்காட்சி, கோர்டின் புள்ளிவிவரம் செய்ய இயலாததைச் செய்கிறது. பின்னர் இயக்கப் பெண்கள் வழியாகக் கோர்டின் சிறுநூல் தாயின் கைக்கு வந்து சேர்கிறது. சிறுவன் சனிக்கிழமைப் பள்ளிக்குச் செல்கிறான்.

ஆயினும் ஒன்றைச் சுட்டவேண்டும். படத்தில் அச்சிறுநூல் கதையைத் திருப்பும் கருவியாக வருகிறது. அது எந்த மாநாட்டில் தோன்றியது, எந்தப் பதிப்பகம் துணிந்து அச்சிட்டது, எந்தக் கடையில் கிடைத்தது என்பவை காட்சிக்கு வெளியே நிற்கின்றன. நூல் தானே நடந்து வந்ததுபோல் தோன்றுகிறது. கூட்டு உழைப்பின் வரலாறு ஒரு குடும்பத்தின் மீட்சிக் கதையாகச் சுருங்குவது கதைப்படத்தின் இயல்பான விலை. அவ்விலையைச் சொல்லிக்காட்டுவதே புத்தகக் கடைத் திரையிடலின் தனிப்பயன். அங்குப் படம் முடிந்தவுடன் அந்நூலையே அலமாரியிலிருந்து எடுத்துக் காட்ட இயலும்.

ஒரு வழக்கு, இரு படங்கள்

நாட்டிங் ஹில்லின் ஆல் செயிண்ட்ஸ் சாலையில் ஃபிராங்க் கிரிச்லோ 1968இல் தொடங்கிய உணவகம் மாங்குரோவ். 1969 சனவரி முதல் 1970 சூலை வரை காவல்துறை அதனைப் பன்னிரண்டு முறை சோதனையிட்டது. இதனை எதிர்த்து 1970 ஆகஸ்ட் 9 அன்று ஏறக்குறைய 150 பேர் ஊர்வலம் சென்றனர், மோதல் மூண்டது, ஒன்பது பேர்மீது கலகம் தூண்டியதாக வழக்குத் தொடரப்பட்டது. ஓல்டு பெய்லி நீதிமன்றத்தில் 55 நாள் நடந்த விசாரணையில் டார்கஸ் ஹோவும் அல்தியா ஜோன்ஸ்-லகாயின்டும் தமக்குத் தாமே வாதாடினர். 1971 டிசம்பரில் கலகக் குற்றச்சாட்டிலிருந்து ஒன்பது பேரும் விடுவிக்கப்பட்டனர். நால்வர் சிறு குற்றங்களுக்காக மட்டும் நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை பெற்றனர். இருதரப்பிலும் இனப்பகைக்குச் சான்று உண்டு என நீதிபதி குறிப்பிட்டது, காவல்துறையின் நடத்தை குறித்து நீதிமன்றம் அளித்த அரிய ஒப்புதலாயிற்று.

பிரான்கோ ரொசோ இயக்கி, லா ரோஸ் தயாரிப்பில் பங்கேற்ற ‘தி மாங்குரோவ் நைன்’ (1973) இவ்வழக்கின் சூடு தணியுமுன் எடுக்கப்பட்டது. வழக்கில் நின்றவர்கள் தாமே பேசுகிறார்கள். தமக்கு நேர்ந்ததைச் சொல்வதோடு அவர்கள் நிற்பதில்லை. நீதிமன்றத்தில் தாம் கையாண்ட உத்தியையும், சட்டம் எவ்வாறு இயங்குகிறது என்பதையும் எடுத்துரைக்கிறார்கள். சாட்சியும் பகுப்பாய்வும் ஒரே வாயிலிருந்து வருகின்றன. பொதுவாக ஆவணப்படங்களில் பாதிக்கப்பட்டவர் அனுபவத்தைச் சொல்வார், அறிஞர் விளக்கம் தருவார். இப்பிரிவினையை ஏற்காமையே இப்படத்தின் சிறப்பு. காண்போர் அடுத்த வழக்கில் நிற்க நேரலாம் என்ற எண்ணம் படத்தின் நடையைத் தீர்மானித்திருக்கிறது.

மக்குயீனின் ‘மாங்குரோவ்’ (2020) வேறு நோக்குடையது. முதற்பாதி உணவகத்தின் மணமும் இசையும் நிறைந்த வாழ்வு. பிற்பாதி நீதிமன்றத்தின் மர அடைப்புகள். காவலர் சூறையாடிச் சென்றபின் சமையலறைத் தரையில் ஒரு வடிதட்டு ஆடி ஆடி ஓய்வதை ஒளிப்படக்கருவி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருக்கும் காட்சி பலராலும் எடுத்துச் சொல்லப்பெறுவது. வன்முறையின் எஞ்சிய ஒலியை மட்டும் கேட்கச்செய்து வன்முறையை உணர்த்தும் உயர்ந்த கலை அது. காவல் வண்டியின் சிறு பிளவு வழியே பல காவலர் ஒரே நேரத்தில் எப்படிப் பார்த்திருக்க முடியும் என்று ஹோ குறுக்கு விசாரணை செய்யும் பகுதி, பகுத்தறிவின் வெற்றியை நாடகச் சுவையோடு காட்டுகிறது.

இரண்டையும் அடுத்தடுத்துக் காண்போருக்கு ஒரு முரண் புலப்படும். ரொசோவின் படம் அழகு குறைந்தது. ஆயினும் பார்வையாளரைச் செயலுக்குரியவராகக் கருதுகிறது. மக்குயீனின் படம் அழகு மிகுந்தது. அது பார்வையாளரை நினைவுக்குரியவராகக் கருதுகிறது. முன்னதில் வழக்கு ஒரு பாடம், பின்னதில் ஒரு காவியம். காவியத்தில் வெற்றி கதையின் முடிவாகிறது. பாடத்தில் வெற்றிக்குப் பின்னும் வகுப்பு தொடர்கிறது. எனினும் கிரிச்லோ குற்றத்தை ஒப்புக்கொண்டு தப்பலாமா என்று தயங்கும் தனிமையைக் காட்டியதன் மூலம், இயக்கத்தின் ஆவணங்கள் சொல்லத் தயங்கும் அச்சத்தையும் சோர்வையும் மக்குயீன் வரலாற்றுக்குள் கொண்டுவந்தார். ஆகவே ஒன்றை மற்றொன்றின் அளவுகோலால் அளந்து தள்ளுவது முறையன்று. இரண்டும் ஒன்றையொன்று திருத்துகின்றன. அத்திருத்தம் நிகழ இரண்டையும் ஒருங்கு வைத்துப் பார்க்கும் இடம் வேண்டும்.

ஹேண்ட்ஸ்வொர்த் விவாதம்

இவ்வட்டம் ஒரே குரலில் பேசியது என்று கொள்வது பிழை. 1985 செப்டம்பரில் பர்மிங்காமின் ஹேண்ட்ஸ்வொர்த்தில் நிகழ்ந்த கலவரத்தையொட்டி, பிளாக் ஆடியோ ஃபிலிம் கலெக்டிவ் என்னும் கூட்டமைப்பின் சார்பில் ஜான் அகோம்ஃப்ரா ‘ஹேண்ட்ஸ்வொர்த் சாங்ஸ்’ படத்தை இயக்கினார். செய்திப்படத் துண்டுகள், பழைய ஒளிப்படங்கள், கவிதைநடை உரை, இடையறுந்த ஒலிகள் ஆகியவற்றால் பின்னப்பட்ட படம் அது. 1987 சனவரியில் ‘கார்டியன்’ நாளிதழில் சல்மான் ருஷ்டி இதனைக் கடுமையாக விமர்சித்தார். ஹேண்ட்ஸ்வொர்த் மக்களின் சொந்தக் கதைகள் படத்தில் ஒலிக்கவில்லை, தேய்ந்த மொழியே அவற்றை மூடுகிறது என்பது அவர் குறை. புதிய மொழி ஒன்றைத் தேடும் படத்தின் போராட்டத்தை ருஷ்டி காணத் தவறினார் என்று ஸ்டூவர்ட் ஹால் மறுத்தெழுதினார். ‘ரேஸ் டுடே’ இதழின் ஆசிரியராயிருந்த டார்கஸ் ஹோவோ ருஷ்டியின் பக்கம் நின்றார்.

ஹோவின் நிலைப்பாட்டை இங்கு ஆராய்வது தேவை. ‘ரேஸ் டுடே’, நியூ பீக்கன், ஜெசிகா ஹண்ட்லியும் எரிக் ஹண்ட்லியும் நடத்திய போகிள்-லூவர்ச்சர் ஆகிய மூன்றும் இணைந்தே 1982இல் கறுப்பின, மூன்றாம் உலக மாற்றரசியல் நூல்களின் பன்னாட்டுக் கண்காட்சியைத் தொடங்கின. சி. எல். ஆர். ஜேம்ஸ் தொடங்கிவைத்த அக்கண்காட்சி 1995 வரை பன்னிரண்டு முறை நடைபெற்றது. நூல் விற்பனையோடு கருத்தரங்கு, கவிதை, இசை, நாடகம், திரைப்படம் அனைத்தும் அதில் அடங்கின. இவ்வட்டத்தின் அளவுகோல் மக்கள் தம் குரலில் தாம் பேசுதல் என்பது. மாங்குரோவ் வழக்கில் தாமே வாதாடிய ஹோவுக்கு, பேசுவோரைத் துண்டாடி ஒலிக்கச்செய்யும் படம் ஐயத்துக்குரியதாகத் தோன்றியதில் வியப்பில்லை.

அவ்வளவுகோலின் எல்லை இங்கேதான் வெளிப்படுகிறது. குரல் தெளிவாக ஒலிப்பதே உண்மை என்று கொண்டால், குரலிழந்தோரையும் இறந்தோரையும் திரையில் எவ்வாறு கொணர்வது? செய்தி நிறுவனங்களின் சேகரத்தில் மட்டுமே எஞ்சியிருக்கும் ஒரு மக்களின் உருவத்தை, அச்சேகரத்தையே கிழித்து ஒட்டியன்றி மீட்க வழியில்லை என்பது அகோம்ஃப்ராவின் விடை. ஜே. ஜே. தாமஸின் நூலை மீட்டெடுத்த லா ரோஸின் பணியும் அறுபட்ட தொடர்ச்சியைப் பற்றியதே. நியூ பீக்கன் அதனைப் பதிப்பின் வழி ஒட்டியது. ‘ஹேண்ட்ஸ்வொர்த் சாங்ஸ்’ அறுபட்ட தழும்பைக் காட்டியே நினைவூட்டியது. எதிரெதிராகக் கருதப்பட்ட இரு முறைகளும் ஒரே காயத்தை நோக்கியவை என்பதை அன்றைய விவாதம் போதிய அளவு உணரவில்லை.

சிவானந்தனும் நூலகமும்

இப்பரப்பில் தமிழாய்வாளர் நினைவுகொள்ளவேண்டிய ஒருவர் அம்பலவாணர் சிவானந்தன் (1923–2018). இலங்கையில் 1958இல் தமிழருக்கு எதிராக நிகழ்ந்த வன்முறைக்குப்பின் நாட்டைவிட்டு வெளியேறி இலண்டன் வந்த அவர், நாட்டிங் ஹில்லில் கறுப்பினத்தவருக்கு எதிரான கலவரத்தை அதே ஆண்டில் கண்டார். 1964இல் இன உறவுகள் ஆய்வு நிறுவனத்தின் நூலகரானார். அந்நிறுவனத்தின் போக்கை எதிர்த்து ஊழியர்களும் உறுப்பினர்களும் 1972இல் அதனைத் தம்வசமாக்கியதில் முன்னின்றார். அதன் இதழ் 1974இல் ‘ரேஸ் அண்டு கிளாஸ்’ ஆயிற்று. நியூ பீக்கன் வட்டத்தினின்று வேறுபட்ட நிறுவனமாயினும், ஆவணமும் வெளியீடும் படமும் ஒருசேர இயங்கும் முறையை இங்கும் காணலாம். அந்நிறுவனத்தோடு இணைந்த காலின் பிரஸ்காட் 1980களின் முற்பகுதியில் இயக்கிய ‘ஸ்டிரகிள்ஸ் ஃபார் பிளாக் கம்யூனிட்டி’ என்ற தொடர், கார்டிஃப், சவுத்ஹால், லாட்புரோக் குரோவ் முதலிய இடங்களின் போராட்ட வரலாற்றை அவ்விடத்து மக்களின் வாய்மொழியாகப் பதிந்தது.

சிவானந்தன் ‘கறுப்பு’ என்ற சொல்லை நிறத்தின் பெயராகக் கொள்ளவில்லை. குடியேற்ற ஆட்சியின் கீழ் நசுங்கிய ஆசியரும் கரீபியரும் சேர்ந்து நிற்கும் அரசியல் நிறமாகக் கொண்டார். மூன்று தலைமுறை இலங்கை வாழ்வைச் சொல்லும் அவருடைய ‘வென் மெமரி டைஸ்’ (1997) நாவலின் தலைப்பு, நினைவின் சாவைப் பற்றியது. அறுபடும் தொடர்ச்சியைப் பற்றிய லா ரோஸின் கவலையும் நினைவு மாயும்போது மக்களுக்கு நேர்வதைப் பற்றிய சிவானந்தனின் கவலையும் வெவ்வேறு தீவுகளில் தோன்றி ஒரே நகரில் அடுத்தடுத்து வாழ்ந்தவை. புலம்பெயர் தமிழெழுத்தை ஊர்நினைவின் நீட்சியாக மட்டும் வாசிக்கும் பழக்கத்தை இந்நாவல் கேள்விக்குள்ளாக்குகிறது. அதன் ஆசிரியர் அரசியல் கல்வி பெற்ற இடங்களுள் ஒன்று இலண்டனின் இம்மாற்று நூற்சூழல்.

மரபின் குறைகள்

முதலாவது, உடன்பாடுடையோர் மட்டுமே கூடும் அவை என்னும் குறை. ஃபிரேசர் சொன்ன இரு பணிகளுள் ஒதுங்கித் திரள்தல் எளிது, வெளிச்செல்லல் கடிது. கடையைக் காக்கவேண்டிய நெருக்கடியும் இருந்தது. 1970களின் இறுதியில் இனவெறியர்கள் கறுப்பினப் புத்தகக் கடைகளையும் மாற்றரசியல் கடைகளையும் தாக்கியபோது, கடைகள் இணைந்து கூட்டு நடவடிக்கைக் குழு அமைக்க நேர்ந்தது. முற்றுகைக்குள்ளான அவை தன்னைத்தானே குறைகாணத் தயங்கும்.

இரண்டாவது, அத்தயக்கத்துக்கு எடுத்துக்காட்டாக அமைவது கோர்டின் பிற்கால வாழ்வு. 1979இல் கிரனடாப் புரட்சி அரசில் துணைப் பிரதமரான அவர், 1983இல் பிரதமர் மாரிஸ் பிஷப்பும் உடனிருந்தோரும் கொல்லப்பட்டதில் தண்டனை பெற்று 2009 வரை சிறையிலிருந்தார். ‘எஜுகேஷன்’ படம் 1971இன் சிறுநூலைப் போற்றுகிறது. அதன் கதைக்கு அப்பாற்பட்டது 1983. ஆயினும் அந்நூலைத் தன் அலமாரியில் வைத்திருக்கும் கடைக்கு அவ்விலக்கு இல்லை. நூலின் உண்மையை ஆசிரியரின் வாழ்வு அழித்துவிடாது என்பது சரியே. அதனைச் சொல்லிவிட்டு நகர்தல் போதாது. இரண்டையும் ஒரே மாலையில் பேசும் துணிவே மாற்றுத் திறனாய்வின் தேர்வு.

மூன்றாவது, பேச்சின் அழிவு. கடையின் மேல்தளத்தில் 1991இல் நிறுவப்பெற்ற ஜார்ஜ் பேட்மோர் நிறுவனம் கடிதம், துண்டறிக்கை, குறிப்பேடு ஆகியவற்றைப் பேணுகிறது. அங்கு நடந்த பேச்சுத் தொடர் ‘சேஞ்சிங் பிரிட்டானியா’ (1999) என நூலாயிற்று; கண்காட்சியின் வரலாறு 2005இல் தொகுக்கப்பெற்றது. முன்னேற்பாடாகப் பேசப்பட்டது இவ்வாறு தங்கியது. படம் முடிந்து விளக்கெரிந்தபின் பின்வரிசையில் எழுந்து ஒருவர் கேட்ட கேள்விக்கு அத்தகைய காப்பிடம் இல்லை. இம்மரபின் உயிர்நிலை எதுவோ அதுவே முதலில் அழிவது.

முடிவுரை

பேச்சு நூலாகிறது, நூல் படமாகிறது, படம் மீண்டும் பேச்சாகிறது. இச்சுழற்சி அறாமல் நிகழ்வதற்கான இடமே சமூகப் புத்தகக் கடை என்பது மேற்கண்ட தரவுகளால் பெறப்படுகிறது. கோர்டின் சிறுநூல் மாநாட்டுப் பேச்சிலிருந்து ‘எஜுகேஷன்’ வரை சென்ற பயணமும், மாங்குரோவ் வழக்கு 1973, 2020 ஆகிய இரு திரைகளில் பெற்ற இரு வடிவங்களும் இச்சுழற்சியின் இயக்கத்தை விளக்குகின்றன. ஹேண்ட்ஸ்வொர்த் விவாதம் அதன் அளவுகோல் எங்கே குறுகியது என்பதைக் காட்டுகிறது.

இந்த இடம் நிலையானது அன்று. நியூ பீக்கன் 2016இன் இறுதியிலும், மீண்டும் 2021இன் இறுதியிலும் மூடப்படும் நிலைக்கு வந்து, ஆதரவாளர்களின் நன்கொடையால் மீண்டது. கடை ஒன்று மூடப்பட்டால் அங்கிருந்த நூல்கள் வேறிடத்தில் கிடைக்கும். படங்கள் இணையத்தில் கிடைக்கும். ரொசோவின் படத்தையும் மக்குயீனின் படத்தையும் கோர்டின் சிறுநூலையும் ஒரே மேசையில் வைத்து, அவற்றுள் வருவோரைக் கேள்வி கேட்கச்செய்யும் ஏற்பாடு வேறிடத்தில் தானாகக் கிடைக்காது. பதிப்பு வரலாறு எழுதுவோர் நூற்பட்டியலோடு கூட்ட அழைப்பிதழ்களையும் திரையிடல் அறிவிப்புகளையும் தரவாகக் கொள்வதும், அவற்றில் பங்கேற்றோர் உள்ளபோதே அவர்தம் வாய்மொழியைப் பதிவதும் உடனடித் தேவைகள். காலந்தாழ்த்தினால் எஞ்சுவது விற்பனைக் கணக்கு மட்டுமே.